இரவில் நுழைபவரைச் சுட்டால் வழக்கே வராதா?

"ஆதார் அட்டை இருந்தால் போதும், தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்கலாம்; இரவில் வீட்டுக்குள் நுழைபவரைச் சுட்டால் வழக்கே வராது" என்று சென்னையில் வாட்ஸ்அப் வழியாகப் பரவும் செய்தி தவறானது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். சென்னை மாநகரில் உரிமம் வழங்கும் அதிகாரம் காவல் ஆணையருக்கு உரியது. 21 வயது நிறைந்தவருக்குக்கூட, காவல்துறை விசாரணைக்குப் பிறகு உரிமம் மறுக்கப்படலாம்.

செய்தியின் இரண்டாம் பகுதி என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. இரவில் பூட்டை உடைத்து நுழைபவரிடமிருந்து காத்துக்கொள்ளும்போது, உயிரிழப்பு நேரும் அளவுக்கும் தற்காப்பு உரிமை நீளக்கூடும் என்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு கூறுவது உண்மையே; ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு கூடாது என்று 37ஆம் பிரிவு அந்த உரிமைக்கு எல்லை வகுக்கிறது. மொட்டை மாடிச் சுவரேறித் தப்பி ஓடுபவரின் முதுகில் சுட்டுவிட்டு அதைத் தற்காப்பு என்று சொல்வது மிகக் கடினம். தற்காப்புதான் என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய பொறுப்பும் சுட்டவருடையதே.

உரிமம் கிடைக்கும் நிலையில் உள்ளவர்கள் முதலில் தம் வீட்டைப் பார்க்க வேண்டும். நாட்காட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பீரோ சாவி எங்கிருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். குண்டுகளைத் தனியே பூட்டி வைத்தால் அவசரத்தில் கைக்கு எட்டாது. பூட்டாமல் வைத்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டிவிடும். குடிப்பழக்கமோ ஆழ்ந்த மனச்சோர்வோ உள்ளவர் வீட்டில் இருந்தால், துப்பாக்கி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க எந்த உரிமமும் தேவையில்லை.