வண்டி வருவதற்கு முன்னால்

கிராமத் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களைப் பற்றி இணையத்தில் ஒரு கட்டுரை படித்தேன்; அவர்களுக்குப் புது வண்டி வாங்கிக் கொடுத்தாலே போதும் என்கிற தொனியில் அது முடிகிறது. எனக்கு அந்தக் கருத்து பாதி உண்மையாகத்தான் படுகிறது. அழைப்பு வந்த பிறகுதான் ஒருவர் வயலிலிருந்தும் இன்னொருவர் கடையை அடைத்துவிட்டும் ஓடி வருகிறார்கள். சரி, வந்துவிட்டார்கள். அப்புறம் தண்ணீர்? வண்டியில் இருப்பது சில ஆயிரம் லிட்டர்தான். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடங்களில் காலி. பிறகு குளத்திலிருந்து உறிஞ்ச வேண்டும், இல்லையென்றால் டேங்கர்கள் மாறி மாறி ஓட வேண்டும். எந்தக் குளத்தின் கரை வரை வண்டி போகும் என்று முன்பே தெரிந்து வைத்திருக்காவிட்டால் எவ்வளவு பெரிய பம்பும் சும்மாதான்.

அதனால்தான் இந்தக் குழுவினர் வீடு வீடாகச் சொல்லும் சின்ன விஷயங்களை நான் பெரிதாக நினைக்கிறேன். வாசலில் இருட்டிலும் தெரியும்படி வீட்டு எண் எழுதுங்கள், புகை அலாரத்தை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், காற்றடிக்கும் நாளில் குப்பை கொளுத்தாதீர்கள், தூங்கும்போது அறைக்கதவை மூடுங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்பதில்லை (நானும்தான், வெகுநாள் வரை). ஆனால் மூடிய சாதாரணக் கதவே புகையையும் சூட்டையும் கணிசமாகத் தாமதப்படுத்தும்.

சம்பளமில்லாத இந்த வேலைக்கு ஆள் கிடைக்காது என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். ஆனால் சிலி நாட்டில் தீயணைப்புப் படையே சம்பளம் வாங்காத தன்னார்வலர்களால்தான் நடக்கிறது. 1851-ல் வால்பரைசோ நகரில் தொடங்கிய வழக்கம் அது.