வாத்து இறகு மிதப்பது எண்ணெயால் மட்டும் அன்று

"வாத்து இறகில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால், எதை எடுத்துக் கட்டினாலும் ட்ரவுட் மீன் தூண்டிலுக்கான செயற்கை ஈ மிதக்கும்" என்று சிலர் சொல்வது, தூண்டில் கொக்கியில் இறகைச் சுற்றிப் பூச்சிபோன்ற இந்த ஈயைப் புதிதாகக் கட்டப் பழகுவோரைத் தவறான வழியில் செலுத்தும். வாத்து இறகுகளில் மிதப்புக்குப் பெயர்பெற்றது, வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி வளரும் சி.டி.சி. எனப்படும் சிற்றிறகே, சுவிட்சர்லாந்தின் ஜூரா பகுதியில் 1920களிலேயே இதைக் கொண்டு ஈ கட்டினார்கள். சாயமேற்றும்போது எண்ணெயின் பெரும்பகுதி கழுவப்பட்டுவிட்ட பிறகும் இது மிதக்கிறது என்றால், இதன் நுண்ணிழைகள் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்வதே முதன்மைக் காரணம். ஆகையால், பலர் பழக்கத்தில் செய்வதுபோல் வழக்கமான மிதவைப் பசையைப் பூசினால், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அந்தப் பயனே கெட்டுவிடும். மீன் கவ்வி நனைந்த ஈயை அலசி, துணியில் ஒற்றி, உலர்த்தும் பொடியில் குலுக்குவதே முறை.

மல்லார்ட் வாத்தின் சிறகிறகு பெரும்பாலும் மூழ்கும் ஈக்களுக்கு இறக்கையாகிறது. அதன் விலாப்புறப் புள்ளியிறகோ, சாயமேற்றப்பட்டு, விலை கூடிய வுட் டக் என்னும் வாத்தின் இறகுக்கு மாற்றாக அமெரிக்காவின் கேட்ஸ்கில் வகை உலர் ஈக்களில், அதாவது நீர்மேல் மிதக்கும் ஈக்களில், இடம்பெறுகிறது. ஆனால் அங்கே ஈயை மிதக்க வைப்பது வாத்து இறகன்று, கொக்கியைச் சுற்றிக் கட்டப்படும் விறைப்பான சேவல் கழுத்திறகுதான்.