அது வேலைநிறுத்தம் இல்லைங்கண்ணா, கதவடைப்பு

அண்ணா, "2011-ல என்பிஏ கூடைப்பந்து வீரர்கள் பேராசையில் ஸ்ட்ரைக் பண்ணி, வருமானத்தில் பங்கை ஏத்தி வாங்கிட்டாங்க"ன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுமே தப்பு.

என்பிஏங்கிற அந்த அமெரிக்கக் கூடைப்பந்து லீக்ல, ஜூலை 1 அன்னிக்குக் கதவைச் சாத்தினது அணி உரிமையாளர்கள். பழைய ஒப்பந்தம் முடிஞ்சதும், புதுசுக்குச் சம்மதிக்கும்வரை ஆட்டமும் இல்லை, பயிற்சிக்கூடமும் இல்லைன்னு வீரர்களை வெளியே நிறுத்தினாங்க. நம்ம ஓசூர் சிப்காட்ல வேலை பார்த்தவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். நான் வேலை செஞ்ச கம்பெனியில ஒருநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனா, கேட்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தது. டிபன் பாக்ஸைப் பிடிச்சிக்கிட்டு எல்லாரும் ரோட்லயே நின்னோம். ஊருக்குள்ள மட்டும் "ஸ்ட்ரைக்காமே"ன்னு பேச்சு. அதனாலதான் இந்த வார்த்தையை விட மனசு வரலை.

இப்ப பங்குக் கணக்கு. அதுவரை கூடைப்பந்து வருமானத்தில் வீரர்களுக்கு 57 சதவீதம். முப்பது அணிகளில் 22 நஷ்டத்தில் ஓடுதுன்னு லீக் தரப்பு சொன்னது. வீரர் சங்கம் அந்தக் கணக்கையே ஏத்துக்கலை. கடைசியில் கையெழுத்தானது 49 முதல் 51 சதவீதத்துக்கு. அதாவது பங்கு குறைஞ்சது. சீசன் டிசம்பர் 25-லதான் தொடங்குச்சு, ஒரு அணிக்கு 82 ஆட்டத்துக்குப் பதிலா 66.

வீரர்களே நிறுத்தினதும் உண்டு: 1994 ஆகஸ்ட் 12, அமெரிக்க பேஸ்பால் லீக். உரிமையாளர்கள் சம்பள உச்சவரம்பு கொண்டுவரப் பார்த்தாங்க, வீரர்கள் மறுத்தாங்க. அந்த வருஷம் சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற 'உலகத் தொடர்' (வேர்ல்ட் சீரிஸ்) இறுதிப் போட்டியே நடக்கலை. நீங்க ரெண்டையும் கலந்துட்டீங்கன்னு நினைக்கிறேன். பதிவைத் திருத்திடுங்கண்ணா.