தொடக்கத்தின் மேல் பழி வேண்டாம்

2013 சென்னை உலக சதுரங்கப் போட்டியின் ஒன்பதாம் ஆட்டத்தில் விஸ்வநாதன் ஆனந்த் மாக்னஸ் கார்ல்சனிடம் தோற்றதற்கு அவர் தேர்ந்தெடுத்த தொடக்கமே (ஆட்டத்தின் முதல் நகர்த்தல்களின் முறை) காரணம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 5-3 எனப் பின்தங்கியிருந்தவர், கருப்புக் காய்களுடன் ஆடிய கார்ல்சன் தேர்ந்த நிம்சோ-இந்தியத் தற்காப்பு என்ற தொடக்க முறைக்கு எதிராக, நான்காம் நகர்த்தலிலேயே சிப்பாயை எஃப்3 கட்டத்துக்கு நகர்த்தி, கார்ல்சனின் ராஜாவை நேரடியாகத் தாக்கும் நிலையை உருவாக்கியது மிகச் சரியான துணிவு.

பினாங்கில் நான் பயிற்றுவிக்கும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு அந்த ஆட்டத்தின் 28ஆம் நகர்த்தலைப் பலகையில் வைத்தே காட்டுகிறேன். ஜி3 கட்டத்தில் நின்ற ஆனந்தின் குதிரைதான் இ1 முதல் எச்4 வரையிலான மூலைவிட்டத்தை அடைத்திருந்தது. அதை அவர் எஃப்1-க்குப் பின்வாங்கியதும், கார்ல்சனின் சிப்பாய் கடைசி வரிசையை அடைந்ததால் கிடைத்த புதிய ராணி இ1-க்கு வந்து, ஆனந்தின் யானை செல்லவிருந்த எச்4 கட்டத்தைக் காத்துவிட்டது. குதிரைக்குப் பதிலாக மந்திரியை எஃப்1-க்கு நகர்த்தியிருந்தால் போராட்டம் நீடித்திருக்கும்.