முதலில் சுடப் பழகுங்கள், துப்பாக்கி பிறகு வாங்கலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இப்போது எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் பக்கத்து நாற்காலிக்கு வந்து, "அண்ணா, எந்த கன் வாங்கலாம்?" என்று கேட்டுவிடுகிறார். நான் வாரக்கடைசியில் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போகிறவன் என்பது எங்கள் இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் பலருக்குத் தெரியும். கேட்பவர்களில் பெரும்பாலானோர் வாழ்க்கையில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆனால் மாடல் பெயர், விலை, மேகசினில் எத்தனை ரவை, அதாவது தோட்டா, கொள்ளும் என்பதெல்லாம் மனப்பாடம். நான் யாருக்கும் பெயர் சொல்வதில்லை. "ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்கு வாங்க, சுட்டுப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்பேன். சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ஆகவே விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது, டர்பனை ஒட்டி இந்தியர் அதிகம் வாழும் பீனிக்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த கொள்ளையையும் கொலைகளையும் நம்மில் யாரும் மறக்கவில்லை. இந்தியர் வீடுகளிலும் ஆப்பிரிக்கர் வீடுகளிலும் அதன் காயம் இன்னும் ஆறவில்லை. அந்த அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அச்சத்தில் வாங்குகிற துப்பாக்கி பெரும்பாலும் தவறான துப்பாக்கியாக இருக்கிறது. இருப்பதிலேயே சின்னதை, அல்லது இருப்பதிலேயே பலமானதை வாங்குகிறார்கள். இரண்டுமே புதியவர் கையில் உதைக்கும், சத்தத்தில் மிரட்டும். இரண்டு முறை சுட்டுவிட்டு இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். பழக்கமில்லாத கையில் இருக்கும் துப்பாக்கியால் அந்த வீட்டுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை.

விளையாட்டுக்காகச் சுடுகிறவர் நிலைமையே வேறு. அவருக்குத் துப்பாக்கி ஒவ்வொரு வாரமும் கையில் எடுக்கிற கருவி. அதைப் பிடிப்பது, திறந்து பார்ப்பது, காலியா என்று உறுதி செய்வது, துடைத்து வைப்பது எல்லாமே உடம்பில் ஊறிப்போகும். நம்முடைய பிள்ளைகள் துப்பாக்கியை இந்த வழியாக அறிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சட்டமும் இந்த வரிசையில்தான் வசதியாக இருக்கிறது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிமம் வைத்திருப்பவர் தன் நேரடிக் கண்காணிப்பில், பாதுகாப்பான முறையில், இன்னொருவரைச் சுட அனுமதிக்கலாம். அதாவது உரிமமே இல்லாத நீங்கள் ரேஞ்சுக்கு வந்து, என் பக்கத்தில் நின்று, என் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கலாம். இன்னொருவருடையதையும் கேட்டு வாங்கிச் சுடலாம். வாங்குவதற்கு முன்னால் நாலைந்து விதமான பிஸ்டல்களைக் கையில் பிடித்துவிடலாம். இவ்வளவு நல்ல வாய்ப்பை விட்டுவிட்டுக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று முடிவு எடுப்பது எனக்குப் புரியவே இல்லை.

வாங்குவது என்று முடிவானால், 21 வயது நிறைந்திருக்க வேண்டும், பயிற்சி முடித்துத் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும், தர நிர்ணயத்துக்கு உட்பட்ட பெட்டகம் பொருத்த வேண்டும். அதன்பிறகு எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்ற கேள்வி. 13-ஆம் பிரிவு தற்காப்புக்கு: ஒரே ஒரு துப்பாக்கி, ஐந்தாண்டு உரிமம். 15-ஆம் பிரிவு எப்போதாவது விளையாடுகிறவருக்கு: கைத்துப்பாக்கி ஒன்றுதான், ஆனால் பத்தாண்டு. 16-ஆம் பிரிவு அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் சேர்ந்து முறையாகப் போட்டியிடும் அர்ப்பணிப்பாளருக்கு. மற்றவர்கள் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அர்ப்பணிப்பாளருக்கு அந்த வரம்பு இல்லை. பயிற்சியில் ஒரு காலை நேரத்திலேயே 150 ரவை தீர்ந்துவிடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. உரிமம் முடிவதற்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிட வேண்டும். இந்தத் தேதியைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். தவறவிட்டவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன்.

முதல் துப்பாக்கி .22 ஆக, அதாவது சின்னஞ்சிறு .22 தோட்டாவைச் சுடுவதாக, இருக்கட்டும். இதில் என் கருத்து மாறவே மாறாது. .22 லாங் ரைபிள் தோட்டா 1887-இல் வந்தது. இன்றுவரை சுடக் கற்றுக்கொள்ள அதைவிட நல்லதொன்று வரவில்லை. உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, சத்தம் குறைவு, 9 எம்எம் தோட்டாவோடு பார்த்தால் விலையும் மலிவு. புதியவரின் பெரிய எதிரி அவருடைய சொந்த உடம்புதான். டிரிகர் விடுபடுவதற்கு ஒரு கணம் முன்பே கை இறுகிக் குழல் கீழே சாய்ந்துவிடும், குண்டு குறிக்குக் கீழே போய் விழும். 9 எம்எம் பிஸ்டலில் இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் உதைப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். .22 இல் உங்கள் கை என்ன செய்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். .22 பிஸ்டல்களில் ரூகர் மார்க் வரிசை 1949 முதல் வருகிறது. ப்ரௌனிங் பக் மார்க் இன்னொன்று. இரண்டில் எது கையில் நன்றாக உட்கார்கிறதோ அதை எடுங்கள். 15-ஆம் பிரிவில் ஒரு கைத்துப்பாக்கிக்குத்தான் இடம், அதை .22-க்குக் கொடுப்பதா என்று கேட்பவர்களுக்கு: சங்கத்தில் இருக்கும் யாருடைய .22-ஐயாவது வைத்து மாதக்கணக்கில் பழகலாம். உங்கள் பெயரில் வாங்குவதைப் பிறகு முடிவு செய்யுங்கள்.

அதற்கும் வழி இல்லாதவருக்குக் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டல். வீட்டுக் கூடத்திலேயே 10 மீட்டர் கிடைத்தால் போதும். ஒலிம்பிக் போட்டியில் அந்த 10 மீட்டரில் இருந்து பார்க்கும்போது பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். ஒரு கையால் நீட்டிப் பிடித்து 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். அதைச் சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை முயன்று பார்க்கட்டும். மூச்சையும் டிரிகர் விரலையும் அடக்கப் பழகிய ஒருவர் பிறகு எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் நன்றாகச் சுடுவார்.

அடுத்தது கைக்குப் பொருந்துவது. இதைப் பற்றிக் கடையில் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. பிஸ்டலைப் பிடிக்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வளைவு கைப்பிடியின் மேல்விளிம்பில் நன்றாக ஏறி உட்கார வேண்டும். குழல் முழங்கையோடு நேர்கோட்டில் இருக்க வேண்டும். அந்த நிலையில் ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரைத் தொட வேண்டும். எட்டவில்லை என்றால் மக்கள் கையைத் திருப்பிப் பிடிப்பார்கள், குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். நம் பெண்கள் பலருக்குக் கை சிறியது. எங்கள் அத்தை மகள் பெரெட்டா 92 மாதிரியில் இங்கேயே செய்யப்பட்ட இசட் 88-ஐ எடுத்துப் பார்த்தாள். தென்னாப்பிரிக்க போலீஸ் வைத்திருந்த துப்பாக்கி, நல்ல துப்பாக்கி, அவள் விரல் எட்டவே இல்லை. கைப்பிடி மெலிந்த வேறொன்றைக் கொடுத்தோம், அன்று மாலையே அவளுடைய குண்டுகள் ஒரே இடத்தில் கூடின. "மாமா, நான்தான் மோசம்னு நினைச்சேன்" என்றாள். பெண்களுக்கு ஆண்கள் துப்பாக்கி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஒழிய வேண்டும். சுடப்போகிறவர் கைதான் தீர்மானிக்க வேண்டும்.

எடை பற்றியும் தலைகீழான எண்ணம் இருக்கிறது. லேசானது நல்லது என்று நினைக்கிறார்கள். இடுப்பில் நாள் முழுக்கச் சுமப்பவருக்கு அது சரி. ரேஞ்சில் நின்று சுடுகிறவருக்கு எடை நண்பன். 1982-இல் வந்த க்ளாக் 17 பிளாஸ்டிக் சட்டகம் கொண்டது, காலி மேகசினோடு 700 கிராம் அளவு. 2016-இல் வந்த சிஇசட் ஷேடோ 2 முழுக்க எஃகு, 1,300 கிராமுக்கு மேல். இரண்டிலும் ஒரே 9 எம்எம் தோட்டாவைப் போட்டு அடுத்தடுத்துச் சுட்டால் வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும். எஃகு துப்பாக்கியின் முன்குறி, அதாவது குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் முனை, மேலே தாவாமல் லேசாக எழும்பி அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. போட்டிகளில் அத்தனை பேர் சிஇசட் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான், மோகமில்லை. அதற்காக க்ளாக்கை ஒதுக்க மாட்டேன். உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், பராமரிப்பு குறைவு, ஐம்பது ராண்டும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பத்துக்கு அது அருமையான துணை. துப்பாக்கியில் மிச்சப்படுத்தியதைத் தோட்டாவில் போடுங்கள். ஆயிரம் ரவை அதிகமாகச் சுட்டவர், விலையுயர்ந்த துப்பாக்கி வைத்திருப்பவரை முந்திவிடுவார்.

போட்டி என்றதும் இங்கே பெரும்பாலும் ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) முறைதான். 1976-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலம் கொலம்பியாவில் தொடங்கப்பட்ட அமைப்பு. 2002 உலகப் போட்டி நம் நாட்டில், அன்றைய பீட்டர்ஸ்பர்க்கில், இன்றைய பொலோக்வானேயில் நடந்தது. அதன் கொள்கை துல்லியம், பலம், வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. மதிப்பெண் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எடுத்த புள்ளிகளை நொடிகளால் வகுக்க வேண்டும். 60 புள்ளியை 10 நொடியில் எடுத்தவருக்கு 6. 55 புள்ளியை 8 நொடியில் எடுத்தவருக்கு 6.875. நிதானமாக எல்லாவற்றையும் நடுவில் சுட்டவர் தோற்கிறார்! ஆனால் அவசரப்பட்டு ஒரு குறியைத் தவறவிட்டால் 10 புள்ளி போய்விடும். எங்கே விரைவது, எங்கே பொறுப்பது என்று போட்டியின் ஒவ்வொரு சுற்றிலும் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட வேண்டும். ஐம்பது வயதில் என் மூளைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்கவில்லை.

பலம் என்பதையும் அளந்துதான் பார்க்கிறார்கள். குண்டின் எடையை கிரெயின் என்ற சிறிய எடை அலகிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுக்கிறார்கள். குறைந்தது 125 வர வேண்டும். 124 கிரெயின் குண்டு 1,010 அடி வேகத்தில் போனால் 125.24. 147 கிரெயின் குண்டாக இருந்தால் 855 அடி போதும், 125.68 வந்துவிடும். கனமான குண்டு மெதுவாகப் போகும்போது கையில் மென்மையாக உணரப்படும் என்பதால் பலர் அதையே விரும்புகிறார்கள். புதியவர் ப்ரொடக்‌ஷன் பிரிவில் தொடங்குவதே நல்லது. கடையில் வாங்கிய துப்பாக்கியை அதிகம் மாற்றாமல் சுடும் பிரிவு அது. தொடக்கத்தில் மேகசினில் 15 ரவை, பலமான தோட்டாவுக்குக் கூடுதல் புள்ளி கிடையாது. ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்வைக் கருவி) பொருத்திய ஓபன் பிரிவுத் துப்பாக்கியைப் பார்த்துக் கண் அகலும். அந்தச் செலவுக்கு அவசரமே இல்லை.

அந்த விளையாட்டின் ஒழுங்கு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தால் அன்றைய போட்டி முடிந்தது. குழல் அனுமதிக்கப்பட்ட கோணத்தைத் தாண்டிப் பின்னால் திரும்பினால் முடிந்தது. பாதுகாப்புப் பகுதி என்று ஒதுக்கிய இடத்தில் துப்பாக்கியை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அங்கே தோட்டாவைத் தொடக்கூடாது, போலித் தோட்டாவைக்கூட. பணக்காரரோ சாம்பியனோ, யாருக்கும் விலக்கு இல்லை. இந்த ஒழுங்குக்குள் ஓராண்டு இருந்த இளைஞன், துப்பாக்கியை இடுப்பில் காட்டிக்கொண்டு திரிய மாட்டான்.

ஒரு காலத்தில் இந்த உலகம் நமக்கு மூடியிருந்தது. 1860 நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் வாரிசுகள் நாம். நிறவெறி ஆட்சியில் விளையாட்டு மைதானங்களே நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. இன்று ரேஞ்சில் ஆப்பிரிக்கானர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) விவசாயி தன் பிஸ்டலை என் மருமகன் கையில் கொடுத்துச் சுடச் சொல்கிறார், ஜூலு நண்பர் நேரம் பார்க்கிறார், நான் அவருடைய குறித்தாளில் ஓட்டை எண்ணி ஒட்டுப் போடுகிறேன். ஜூலைக்குப் பிறகு ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்ட ஊரில், நாங்கள் ஒருவர் துப்பாக்கியை ஒருவர் நம்பி வாங்குகிறோம். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஆகவே அடுத்த முறை என்னைப் பந்தியில் பிடிப்பவர்களுக்கு இங்கேயே பதில். பணத்தைக் கடையில் கட்டுவதற்கு முன் உள்பெட்டியில் ஒரு செய்தி போடுங்கள், எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்கிறேன். மூடிய காலணி, விளிம்பு வைத்த தொப்பி, கழுத்து மூடிய சட்டை போட்டு வாருங்கள்; சூடான காலித்தோட்டா சட்டைக்குள் விழுந்தால் துள்ளுவீர்கள். காதடைப்பும் கண்ணாடியும் நாங்கள் தருகிறோம். அக்காமார்களும் வாருங்கள், .22 தயாராக இருக்கும்.