மணலைக் கிளறாதீர்கள்

போன வாரம் ஒருநாள் இரவு பத்து மணிக்குப் பாறசாலையிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். "அண்ணா, ஜாஃபிஷ் மீன் வாங்கித் தொட்டியில் விட்டு மூன்று நாள் ஆகிறது. ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. செத்திருக்குமோ? மணலைக் கிளறிப் பார்க்கட்டுமா?" கையில் ஏதோ கம்போடு நிற்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. கம்பைக் கீழே வை, விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படு என்றேன்.

அவனுக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள்தலை ஜாஃபிஷ் நம் கடல் மீன் கிடையாது. ஃபுளோரிடா, பஹாமாஸ், கரீபியன் தீவுகள் பக்கம் பவளப்பாறைகளை ஒட்டிய மணல்தரையில் வளை தோண்டி வாழ்கிறது. நான்கு அங்குல உடம்பு, பெரிய கண்கள், அதைவிடப் பெரிய வாய். அந்த வாய்தான் அதற்கு மண்வெட்டியும் கூடையும். மணலை அள்ளி வெளியே துப்பும். கல்லையும் சிப்பித் தோட்டையும் கவ்வி வந்து சுவரில் பதிக்கும். இரவானால் ஒரு தோட்டை இழுத்து வாசலை மூடும். முட்டைகளைக்கூட ஆண் மீன் வாய்க்குள் வைத்தே காக்கும். இத்தனை வேலை தெரிந்த ஒன்றுக்குப் புது இடத்தில் சில நாள் தனிமை வேண்டும். நாம் கிளறினால் கட்டியது இடியும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படித் தொடங்கித் தொடங்கியே இளைத்துச் செத்துப்போகும்.

இதை நான் ஒரு மீனை இழந்துதான் கற்றேன். தொட்டியில் எவ்வளவு மணல் போட்டிருக்கிறாய் என்று விற்றவர் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. இரண்டு அங்குல மணலில் அது மூலைக்கு மூலை தோண்டிப் பார்த்தது. இரண்டாம் நாள் காலையில் தரையில் காய்ந்து கிடந்தது. ஒளிய இடம் கிடைக்காத ஜாஃபிஷ் மேலே பாயும். தொட்டிக்கு மூடி இல்லை. அம்மா அதைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு, "வீடு இல்லாத பிள்ளையை விருந்துக்கு அழைத்தாயே மக்களே" என்றார். இன்றைக்கும் அது நெஞ்சில் கிடக்கிறது.

ஆகவே மீனுக்கு முன்னால் மணல். ஆறு அங்குலமாவது வேண்டும். வெறும் பொடிமணல் நிற்காது, தோண்டத் தோண்டச் சரியும். பொடிமணலோடு பருமணலும், நகம் அளவுக் கற்களும், தோடுகளும் கலந்திருந்தால்தான் ஒன்றை ஒன்று பிடித்துச் சுவர் நிற்கும். நம் பக்கத்துக்காரர்கள் செய்யும் பிழை, கடற்கரை அருகில்தானே என்று அங்கிருந்தே மணல் வாரி வருவது. மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் கருத்துக் கிடப்பது ஏன் என்று யோசியுங்கள்: இல்மனைட் என்னும் கரிய கனிமம். அதோடு கார்னெட், சிர்க்கான், கதிரியக்கத் தோரியம் அடங்கிய மோனசைட் எல்லாம் கலந்திருக்கும். அதைத் தொட்டிக்குள் கொட்டாதீர்கள். திருவனந்தபுரம் போனால் கடையில் கடல்மீன் தொட்டிக்கான அரகோனைட் என்னும் சுண்ணாம்பு மணல் கிடைக்கும், காசைப் பார்க்காமல் வாங்குங்கள். பவளத் துண்டு பொறுக்கவும் வேண்டாம்; கல்பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பவை. நான் அலை தேய்த்து மழுங்கிய மட்டித் தோடுகளைக் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்துப் போட்டேன். அடுத்து வந்த ஜாஃபிஷ் அதையே ஆசையாகத் தூக்கிக்கொண்டு போனது.

பாறைகளை மணல்மேல் வைக்காதீர்கள், தொட்டியின் அடிக்கண்ணாடியில் பதிய வைத்துப் பிறகு மணல் இடுங்கள். இல்லையென்றால் வளை தோண்டும் மீன்மேல் பாறை இறங்கிவிடும். மேலே நெருக்கமான வலைமூடி, ஒயர் நுழையும் இடைவெளிகூட இல்லாமல்.

தண்ணீரைப் பற்றி நீட்ட மாட்டேன். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கலக்கும் இடத்தில் மழைக்காலத்தில் பிடித்த தண்ணீர் கடல்நீர் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரில் கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தொட்டி முப்பது டிகிரியைத் தாண்டாமல் மின்விசிறி வையுங்கள். ஆவியாகும் அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை ஊற்றுங்கள்.

மீன் வந்த அன்று விளக்கு வேண்டாம். நீண்ட பயணம் செய்த பையைத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குவதும் தவறு: கரியமில வாயு வெளியேறியதும் நீரின் காரத்தன்மை ஏறி, அதில் இருக்கும் அமோனியா நஞ்சாக மாறும். டாம்சல் போன்ற அடாவடி மீன் உள்ளே இருந்தால் ஜாஃபிஷ் வாங்கவே வாங்காதீர்கள். அரை அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைச் சாய்வாகப் புதைத்து வைத்தால் முதல் இரவு அதில் தங்கிக்கொள்ளும். பம்பைச் சிறிது நேரம் நிறுத்தி, ஒரு சிரிஞ்சால் மைசிஸ் என்னும் பொடி இறாலை வளை வாசலருகே விடுங்கள். பிறகு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். நாம் அங்கே நிற்கும்வரை அது சாப்பிடாது. செத்துவிட்டதோ என்ற சந்தேகம் மாறாவிட்டால், உள்ளே மீன் அழுகித் தண்ணீரில் அமோனியா ஏறுகிறதா என்று சோதியுங்கள், மணலைத் தொடாதீர்கள்.

பாறசாலைத் தம்பி நேற்றுக் காலை ஒரு படம் அனுப்பினான், பதினோராம் நாள். வாசற்படியிலிருந்து பெரிதாக்கி எடுத்ததால் மங்கலாக இருக்கிறது. இரண்டு தோடுகளுக்கு நடுவே மஞ்சள் தலை, இரண்டு கண்கள். பக்கத்தில் இன்னொரு வெள்ளைத் தோடு. அது முந்தின நாள் தொட்டியின் மறுகோடியில் கிடந்ததாம்.