திருப்பூருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கடந்த வாரக் கருத்தரங்கில் ஆலோசகர் ஒருவர் பேசிய காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் தொழில்நுட்பத்தைக் கையில் கொடுத்தும் திருப்பூர்க்காரர்களுக்கு இயக்கத் தெரியவில்லை என்று அவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டலைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்களுக்கு வந்து சேர்ந்தது இயந்திரம் மட்டுமே. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றில், சவ்வு வழியே நீரை வடிகட்டும் ஆர்.ஓ.வும் மிஞ்சும் உப்பு நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் இருக்கத்தான் செய்தன. எங்கள் சாயக்கழிவின் உப்புக்கும் கடினத்தன்மைக்கும் அவை ஈடுகொடுக்கவில்லை. நான் வேலை பார்த்த நிலையத்தில், எவாப்பரேட்டர் குழாய்களுக்குள் கல்லாக இறுகிய படிவை ஆட்கள் கம்பி விட்டுக் குடைந்து எடுப்பார்கள். விற்றவர்களைத் தொலைபேசியில் கேட்டால் கையேட்டைப் பார்க்கச் சொல்வார்கள்.

பிறகு அரசு இந்த நிலையங்களுக்கு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. அரசும் தனியாரும் பங்குதாரர்களாக இருந்த தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம், உப்புக் கரைசலைச் சுத்தம் செய்து மீண்டும் சாயமேற்றவே பயன்படுத்தும் முறையை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நடத்திக் காட்டியது. அது பலிக்க வேண்டுமானால் துணியில் சாயம் பிடிப்பதற்காகப் போடும் சாதாரண உப்பைப் பட்டறைகள் கைவிட்டு சோடியம் சல்பேட்டுக்கு மாற வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் மிஞ்சுவது எதற்கும் உதவாத கலப்பு உப்புதான். பட்டறை பட்டறையாகச் சென்று சாய மாஸ்டர்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்த உழைப்பைத்தான் நான் தொழில்நுட்பப் பரிமாற்றம் என்பேன்.

நொய்யல் ஆற்றைக் கெடுத்தவர்களுக்கு வக்காலத்தா என்று கேட்பீர்கள். 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்கழிவுக் குட்டையாக்கியது எங்கள் தொழில்தான். உழவர்கள் வழக்குத் தொடுக்காதிருந்தால் ஒரு பட்டறையும் திருந்தியிருக்காது என்பதை எங்கும் சொல்வேன். இரவில் கழிவைத் திறந்துவிடுகிறவர்கள் இன்றும் உண்டே என்றால், பிடித்துத் தண்டியுங்கள். அவர்களைக் காட்டி, கொதிக்கும் எவாப்பரேட்டர் அருகே இரவு ஷிப்ட் பார்ப்பவர்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று மேடையேறிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர்களில் ஒருவரையாவது அந்தக் கருத்தரங்குக்கு அழைத்தார்களா?

கலப்பு உப்பு மூட்டைகள் இன்னும் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. அதற்குத் தீர்வு எந்த நாட்டிலிருந்தும் வரட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அரசும் ஆலை முதலாளிகளும் எங்கள் ஆபரேட்டர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். விற்பவர்கள் எங்கள் கழிவிலேயே இயந்திரத்தை ஓட்டிக் காட்டி, அது நிலைப்படும்வரை இங்கேயே தங்க வேண்டும்.